பரிந்து பேசியோரும் பதில் பேசியோரும்: ஸ்பானிய, பிரெஞ்சுப் பேரரசுக் கால நூல்கள் மூன்று

ஒடுக்கப்பட்டோருக்காகத் திருச்சபை குரல் கொடுக்க வேண்டும் என்பது நம் அருளுரைகளிலும் பேராய மன்றங்களின் தீர்மானங்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கூற்று. நீதிமொழிகள் 31:8 அதற்கு ஆதாரமாக எடுத்தாளப்படுவதும் வழக்கம். ஆனால், பிறருக்காகக் குரல் கொடுப்பவர் அப்பிறருடைய சொந்தக் குரலை என்ன செய்கிறார் என்னும் வினா அத்துணை அடிக்கடி எழுப்பப்படுவதில்லை. இவ்வினாவை மனத்திற்கொண்டு அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானிய, பிரெஞ்சுப் பேரரசுகள் வேரூன்றிய காலத்தில் எழுந்த மூன்று நூல்களைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் 1542-இல் எழுதி 1552-இல் செவில் நகரில் அச்சிட்ட ‘இந்தியத் தீவுகளின் அழிவு பற்றிய சுருக்கமான வரலாறு’. இரண்டாவது, புதிய பிரான்சில் பணியாற்றிய இயேசு சபையார் ஆண்டுதோறும் அனுப்ப, 1632 முதல் 1673 வரை பாரிசில் வெளியான ‘அறிக்கைகள்’. மூன்றாவது, பெரு நாட்டுத் தொல்குடியைச் சேர்ந்த பெலிப்பே குவாமான் போமா தெ அயாலா ஏறத்தாழ 1615-இல் எழுதி முடித்து ஸ்பானிய மன்னருக்கு முகவரியிட்ட ‘முதலாம் புதிய வரலாறும் நல்லாட்சியும்’. முதலிரண்டும் தொல்குடி மக்களைப் பற்றி அருட்பணியாளர் எழுதியவை; மூன்றாவது அம்மக்களுள் ஒருவரே எழுதியது. இம்மூன்றிலும் ‘இந்தியர்’ என்னும் பெயர் அமெரிக்கத் தொல்குடிகளையே குறிக்கிறது. இக்கட்டுரையிலும் அவ்வாறே கொள்க.

ஒரு நூல் துன்புறுவோர்மீது எவ்வளவு இரக்கம் காட்டுகிறது என்பதைக் கொண்டே அதன் மதிப்பை அளந்துவிட முடியாது. அந்நூலுக்குள் அவர்கள் வாய் திறந்து மறுமொழி கூற இடமுண்டா என்பதும், அம்மறுமொழி எழுதியவரை எவ்வளவு அசைத்தது என்பதும் அளவுகோல்களாதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. இரு பேரரசுகள், இரு நிலைமைகள்

இந்நூல்களின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, அவை எழுந்த சூழல்களின் வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். ஸ்பானியர் நிலத்தையும் சுரங்கத்தையும் உழைப்பையும் நாடினர். ‘என்கோமியெந்தா’ என்னும் ஏற்பாட்டின்படி ஒரு தொகுதி இந்தியர் ஒரு ஸ்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுடைய உழைப்பையும் வரியையும் அவர் பெறுவார். கைம்மாறாக அவர்களைப் பாதுகாத்துக் கிறிஸ்தவப் போதனை அளிப்பார் என்பது சட்டம். நடைமுறையிலோ முதற்பகுதியே நிறைவேறியது. எனவே ஸ்பானிய ஆட்சிப் பகுதியில் மனச்சாட்சியுள்ள திருப்பணியாளர் முதலில் எதிர்கொண்டது தம் சொந்தச் சபையாரின் பாவமே. 1511-ஆம் ஆண்டு திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று சாந்தோ தொமிங்கோவில் தொமினிக்கத் துறவி அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் குடியேறிகளின் முகத்துக்கு நேராக, எவ்வுரிமையால் இம்மக்களை இக்கொடிய அடிமைத்தனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது இந்நிலைமையிலிருந்து பிறந்தது.

பிரெஞ்சுக்காரரின் நிலை வேறு. 1608-இல் கியூபெக் நிறுவப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னும் புதிய பிரான்சில் குடியேறியோர் ஏறத்தாழ மூவாயிரம் பேரே. அவர்கள் நாடியது நீர்நாய்த் தோல். அத்தோலைக் கொண்டு வருவோர் தொல்குடி வேட்டுவரும் வணிகருமே ஆதலால், அவர்களை அடிமைப்படுத்துவதைக் காட்டிலும் அவர்களோடு உடன்படிக்கை செய்வதே பிரெஞ்சுக்காரருக்கு ஆதாயமாக இருந்தது. ஆகவே உள்நாட்டுக்குச் சென்ற இயேசு சபையார் படைத்துணையின்றி, அம்மக்களின் வீடுகளில், அவர்கள் அளித்த உணவை உண்டு வாழ வேண்டியவராயினர். பிரெஞ்சுக்காரர் இயல்பிலேயே இரக்கமுள்ளவர். ஸ்பானியர் இயல்பிலேயே கொடியவர் என்று இதிலிருந்து முடிவு செய்தல் தவறாகும். ஆதாயம் வேறுபட்டபடியால் நடத்தையும் வேறுபட்டது. விருந்தினன் பதிலைக் கேட்டே ஆக வேண்டும், எஜமானனுக்கு அக்கட்டாயமில்லை.

2. லாஸ் காசாஸ்: செம்மறிகளும் ஓநாய்களும்

1502-இல் ஹிஸ்பானியோலா தீவுக்கு வந்த லாஸ் காசாஸ், தாமும் என்கோமியெந்தா பெற்று இந்தியரின் உழைப்பில் வாழ்ந்தவரே. 1514-இல் கியூபாவில், பெந்தெகொஸ்தே நாள் அருளுரைக்கு ஆயத்தம் செய்கையில், சீராக் ஆகமத்தின் 34-ஆம் அதிகாரம் அவரைத் தடுத்து நிறுத்தியது. அநியாயமாய்ச் சேர்த்த பொருளிலிருந்து படைக்கும் காணிக்கையைக் கடவுள் ஏற்பதில்லை; ஏழையின் உணவைப் பறிப்பவன் அவன் உயிரையே பறிக்கிறான் என்பது அப்பகுதியின் சாரம். நாம் தள்ளுபடியாகமம் என ஒதுக்கி வைத்துள்ள நூலொன்று ஒரு குருவானவரை மனந்திருப்பிற்று என்பது நம் மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது. அவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்தியரை விடுவித்தார். எஞ்சிய ஐம்பத்திரண்டு ஆண்டுகளை அவர்களுக்காக வாதாடுவதில் கழித்தார். 1542-இன் ‘புதிய சட்டங்கள்’ உருவானதில் அவருக்குப் பெரும்பங்குண்டு. அச்சட்டங்களின் முக்கிய விதியொன்று, பெருவில் எழுந்த கலகத்தின் விளைவாக 1545-இல் கைவிடப்பட்டது என்பதும் உண்மை.

அவருடைய ‘சுருக்கமான வரலாறு’ இளவரசர் பிலிப்பின் முன் வைக்கப்பட்ட குற்றப்பத்திரிகையாகும். தீவு தீவாக, மாகாணம் மாகாணமாகக் கொலையும் கொள்ளையும் அதில் அடுக்கப்படுகின்றன. நாற்பது ஆண்டுகளில் 120 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது அவர் கணக்கு. இத்தொகையைப் பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொள்ளைநோய்களின் பங்கையும் லாஸ் காசாஸ் போதிய அளவு கருதவில்லை. ஆயினும் பட்டினியும் கட்டாய உழைப்பும் நோயைப் பன்மடங்கு கொடியதாக்கின என்பதில் ஐயமில்லை. அழிவு நிகழ்ந்தது என்னும் அவருடைய சாட்சி நிலைநிற்கிறது.

நூலின் அமைப்பில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தியர் தொடக்கத்திலேயே சாந்தமான செம்மறிகளாக அறிமுகப்படுத்தப்படுகின்றனர். ஸ்பானியர் பசித்த ஓநாய்களாகவும் புலிகளாகவும் சிங்கங்களாகவும் வருகின்றனர். மத்தேயு 10:16-ஐ அறிந்த கிறிஸ்தவ வாசகர் மனத்தில் இவ்வுவமை உடனே பதியும். ஆனால் செம்மறி பேசுவதில்லை. அது திட்டமிடுவதோ, உடன்படிக்கை செய்வதோ, படை திரட்டுவதோ, மறுப்பதோ இல்லை. தம் மக்களின் குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்த விரும்பிய ஆசிரியர், குற்றத்துக்கு ஆளானோரை முற்றிலும் களங்கமற்றவராகக் காட்ட வேண்டியவரானார். களங்கமற்றவராகக் காட்டும் முயற்சியில் அவர்களை ஏறத்தாழ வாயற்றவராக்கிவிட்டார். ஹிஸ்பானியோலாவின் அரசர்களையும் அரசியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அவர், கொடுமை செய்த ஸ்பானியத் தலைவர்களைப் பெயரின்றிக் கொடுங்கோலர் என்று மட்டுமே சுட்டுகிறார். ஆயினும் பெயர் பெற்றவர்கள் பேசுவது அரிது.

விதிவிலக்காக நிற்பது ஹத்துவே என்னும் தலைவரின் நிகழ்ச்சி. ஹிஸ்பானியோலாவிலிருந்து கியூபாவுக்குத் தப்பிச் சென்ற அவர், பொன் நிறைந்த கூடையொன்றைத் தம் மக்களுக்குக் காட்டி, கிறிஸ்தவர் வணங்கும் கடவுள் இதுவே என்கிறார். பின்னர் பிடிபட்டு, 1512-இல் எரிப்பதற்காகக் கம்பத்தில் கட்டப்பட்ட நிலையில், பிரான்சிஸ்கத் துறவியொருவர் விண்ணகத்தைப் பற்றிப் போதிக்கிறார். கிறிஸ்தவரும் அங்கே செல்வரோ என்று வினவிய ஹத்துவே, செல்வர் என்று கேட்டதும், அப்படியாயின் தாம் நரகத்துக்கே போவதாகக் கூறுகிறார். நூல் முழுவதிலும் அடுக்கப்பட்ட படுகொலைகளைக் காட்டிலும் இம்மறுமொழியே திருச்சபையின்மேல் விழும் கூரிய தீர்ப்பாகும். இந்தியர் பேசும் இடத்தில் நூல் ஆற்றல் பெறுகிறது என்பதற்கு லாஸ் காசாஸின் எழுத்தே சான்று.

அவருக்கு நாம் நியாயம் செய்ய வேண்டுமாயின் இரண்டு செய்திகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று அவருக்குப் பாதகமானது, மற்றது சாதகமானது. இந்தியரின் சுமையைக் குறைப்பதற்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என 1516-இல் அவரே பரிந்துரைத்தார். ஆப்பிரிக்கரை அடிமைப்படுத்தியதும் அதே அநீதியே என்பதைப் பிற்காலத்தில் உணர்ந்து, தம் ‘இந்தியத் தீவுகளின் வரலாறு’ என்னும் பெருநூலில் அதற்காக வருந்தினார். ஒரு சாராருக்காகப் பரிந்து பேசும்போதே மற்றொரு சாராரின் அழுகை காதில் விழாமற் போகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

சாதகமான செய்தி அவருடைய முதுமையில் நிகழ்ந்தது. என்கோமியெந்தாக்களைப் பரம்பரைச் சொத்தாகப் பெறுவதற்குப் பெருவின் ஸ்பானியர் மன்னருக்குப் பெருந்தொகை தர முன்வந்தபோது, அந்நாட்டுக் குடித்தலைவர்களாகிய குராக்காக்கள் 1559-இல் கூடி, லாஸ் காசாஸுக்கும் கெச்சுவா மொழியின் முதல் இலக்கணத்தை எழுதிய தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸுக்கும் அதிகாரப் பத்திரம் அளித்தனர். ஸ்பானியர் தரும் தொகைக்கு மேலாக ஒரு இலட்சம் தூக்காத்துப் பொற்காசுகள் தருவதாக அவர்கள் சார்பில் மன்னரிடம் கூறும்படி பணிக்கப்பட்டனர். நம் நீதிமன்ற வழக்கில் சொல்வதாயின், அவர்களே வக்காலத்து எழுதிக் கொடுத்தனர். செம்மறிகளுக்காகப் பேசியவர், இறுதியில் தம்மை அனுப்பிய மனிதருக்காகப் பேசினார். 1550-51-இல் வல்லதோலித் நகரில் செப்புல்வேதாவோடு அவர் நடத்திய விவாதமே நம் பாடநூல்களில் இடம்பெறுகிறது. இந்தியர் ஒருவரையும் பேச அழைக்காத அவ்விவாதத்தைவிட, இந்த அதிகாரப் பத்திரமே இறையியலுக்கு அதிகப் பொருளுடையது எனத் தோன்றுகிறது.

3. சீர்திருத்தத் திருச்சபையார் கையில் ஒரு நூல்

வாயற்றவராகக் காட்டப்பட்டோரின் கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நம் முன்னோரே உதாரணமாயினர். லாஸ் காசாஸின் நூல் 1578-இல் டச்சு மொழியிலும், 1579-இல் பிரெஞ்சிலும், 1583-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட நெதர்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையாருக்கு அது கைக்கு வந்த ஆயுதமாயிற்று. 1598-இல் பிராங்பர்ட் நகரில் வெளியான லத்தீன் பதிப்பில் தெ பிரை குடும்பத்தாரின் செப்புத்தகட்டுச் சித்திரங்கள் சேர்க்கப்பட்டன. அமெரிக்கக் கரையைக் கண்ணாற் கண்டிராதவர் வரைந்த அச்சித்திரங்களே ஐரோப்பியர் மனத்தில் பதிந்தன.

1656-இல் வெளியான ஆங்கிலப் பதிப்பு இன்னும் கவனிக்கத்தக்கது. ஜான் பிலிப்ஸ் அதற்கு ‘இந்தியரின் கண்ணீர்’ எனப் பெயரிட்டு ஆலிவர் கிராம்வெல்லுக்குக் காணிக்கையாக்கினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே கிராம்வெல்லின் கடற்படை ஜமைக்காவை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றியிருந்தது. இந்தியரின் கண்ணீர் இவ்வாறு மற்றொரு பேரரசின் விரிவுக்கு நியாயமாக்கப்பட்டது. ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்களும் ஆப்பிரிக்க அடிமைமுறையும் அதன்பின் பெருகியதை நாம் அறிவோம். ஸ்பானியரின் கொடுமையை வாசித்து வெகுண்ட அதே தலைமுறையினரான நியூ இங்கிலாந்துத் தூய்மைவாதிகள் 1637-இல் மிஸ்டிக் என்னுமிடத்தில் பீக்வாட் மக்களின் அரண்சூழ்ந்த ஊரைத் தீயிட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பல நூறு பேரைக் கொன்றனர்.

சீர்திருத்தத் திருச்சபை வழிவந்த நாம் லாஸ் காசாஸை வாசிக்கும்போது, அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. தம் சொந்த நாட்டையும் சொந்தச் சபையையுமே குற்றஞ்சாட்டினார் என்பதை மறத்தலாகாது. நாதான் தீர்க்கதரிசியின் சொல் தாவீதுக்கு உரியது. தாவீதின் பகைவர் அதை எடுத்து முழங்கினால் அது தீர்க்கதரிசனமாகாது.

4. இயேசு சபையாரின் அறிக்கைகள்: சிரித்தவரும் கற்றவரும்

ஆண்டுதோறும் கியூபெக்கிலிருந்து அனுப்பப்பட்டுப் பாரிசில் கிராமுவாசியின் அச்சகத்தில் வெளியான அறிக்கைகள், வெளிப்படையாகவே பொருளுதவியும் ஆளுதவியும் வேண்டி எழுதப்பட்டவை. மடாலயப் பெண்டிரும் செல்வந்தரும் அவற்றை வாசித்து உள்ளம் நெகிழ்ந்தனர். சிலர் கடல் கடந்தும் சென்றனர். தரங்கம்பாடித் திருப்பணியாளரின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட ஹாலே அறிக்கைகளை அறிந்தோர்க்கு இவ்வகை எழுத்து புதிதன்று. மனந்திரும்புதல் பெருக்கிக் காட்டப்படும். தோல்வி சோதனையாகப் பொருள்கொள்ளப்படும். நாட்டு வழக்கங்கள் இருளாக வருணிக்கப்படும். இக்குறைகள் யாவும் இயேசு சபையாரின் அறிக்கைகளில் உண்டு.

எனினும் லாஸ் காசாஸில் அரிதாயிருந்தது இங்கே நிறைந்திருக்கிறது: தொல்குடி மக்கள் ஓயாமற் பதில் பேசுகின்றனர். 1633-34-இன் குளிர்காலத்தைப் போல் லெ ஜொன் என்னும் குரு, பிரெஞ்சுக்காரர் மொந்தாஞே என அழைத்த இன்னு மக்களோடு பனிக்காட்டில் அலைந்து கழித்தார். நீர்நாய் எல்லாவற்றையும் செய்ய வல்லது. பானையும் கோடரியும் கத்தியும் அப்பமும் அதுவே செய்து தருகிறது என்று ஓர் இன்னு நகைத்துக் கூறியதை அவர் எழுதுகிறார். ஒரு தோலுக்கு இத்தனைப் பொருள்களைத் தரும் ஐரோப்பியரின் அறியாமையே அந்நகைப்புக்கு இலக்கு. மற்றோரிடத்தில், இன்னு குடும்ப ஒழுக்கத்தைக் கண்டித்து, உன் மகன் உனக்கே பிறந்தவன் என்று உனக்கெப்படித் தெரியும் என லெ ஜொன் வினவுகிறார். நீங்கள் உங்கள் சொந்தப் பிள்ளைகளை மட்டுமே நேசிக்கிறீர்கள். நாங்களோ எங்கள் குலத்தின் பிள்ளைகள் அனைவரையும் நேசிக்கிறோம் என்பது அதற்குக் கிடைத்த பதில். லெ ஜொன் அதைக் கேட்டுச் சிரித்ததாகத் தாமே எழுதுகிறார். அப்பதிலில் நற்செய்தியின் சாயலைக் காணக்கூடிய கண் அப்போது அவருக்கு இல்லை. ஆயினும் எழுதி வைத்தார். ஆகவே நாம் இன்று அம்மனிதரின் பக்கம் நின்று குருவானவரைப் பார்க்க முடிகிறது.

லெ ஜொன் சிரித்த இடத்தில், வெண்டாட் மக்களிடையே பணியாற்றிய ஜான் தெ பிரெபொஃப் கற்றுக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் ஹியூரன் என்று அழைத்த இம்மக்களின் மொழியில் தந்தை, மகன் என்னும் உறவுப்பெயர்கள் உரியவரைச் சுட்டாமல் தனித்து நில்லா. எந்தை, நுந்தை, தந்தை எனப் பழந்தமிழ் வேறுபடுத்தியதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். எனவே பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று அம்மொழியில் அப்படியே சொல்ல இயலவில்லை. நம் தந்தையின், அவருடைய மகனின், அவர்களுடைய தூய ஆவியின் பெயரால் எனக் கூறலாமா என்று 1636-ஆம் ஆண்டு அறிக்கையில் பிரெபொஃப் தம் மேலதிகாரியின் கருத்தைக் கேட்கிறார். ஆவியானவர் பிதாவினின்றும் குமாரனினின்றும் புறப்படுகிறார் என்னும் மேற்றிசைத் திருச்சபையின் கோட்பாட்டை வெண்டாட் இலக்கணம் தானாகவே அறிக்கையிடுவது போன்ற வடிவம் இது.

இதனினும் ஆழமான தடை வேறொன்று. இறந்தோரின் பெயரை வெண்டாட் மக்கள் உச்சரிப்பதில்லை; தந்தையை இழந்தவரிடம் தந்தையைப் பற்றிப் பேசுவது அவர் புண்ணைக் கிளறும் அவமதிப்பாகும். பரலோகத்திலிருக்கும் எங்கள் பிதாவே என்னும் ஜெபம் அத்தகையோருக்கு எவ்வாறு ஒலிக்கும்? தாயை இழந்த ஒரு பெண்ணிடம் பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளையைக் கவனமின்றிக் கூறியதால், அவள் திருமுழுக்குப் பெறாமலே போகவிருந்தாள் என்று பிரெபொஃப் குறிப்பிடுகிறார். இங்கே கேட்போரின் துயரம் போதிப்பவரின் சொல்லைத் திருத்துகிறது. பதிலை எழுதி வைப்பதற்கும் பதிலால் மாறுவதற்கும் உள்ள தொலைவு இவ்விரு குருமாரிடையே தெரிகிறது.

ஆயினும் இம்மாற்றம் சொல்லளவில் நின்றது என்பதையும் கூற வேண்டும். 1634 முதல் 1640 வரை தொடர்ந்த கொள்ளைநோய்களால் வெண்டாட் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். சாகுந்தறுவாயிலிருந்தோருக்கே குருமார் விரைந்து திருமுழுக்கு அளித்தபடியால், அந்நீரே கொல்கிறது என்று மக்கள் கருதினர். கண்டதைக் கொண்டு முடிவு செய்தோரை நாம் அறிவிலிகள் எனல் தகாது. 1637-இல் ஒசொசானே ஊரில் கூடிய சபை குருமாரைச் சூனியக் குற்றத்துக்காக விசாரித்ததையும் அறிக்கையே பதிவு செய்கிறது. பின்னர் பிரெஞ்சுக்காரர் துப்பாக்கிகளைத் திருமுழுக்குப் பெற்றோருக்கே விற்றனர். அருளடையாளம் வணிகச் சலுகையாயிற்று. ஊர்கள் இரு பிரிவாயின. ஹோடனோஷோனி கூட்டமைப்பினரின் படையெடுப்பில் 1649-இல் பிரெபொஃப் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். வெண்டாட் நாடும் சிதறுண்டது. அவருடைய இரத்தசாட்சி மரணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அவரை விருந்தினராக ஏற்ற ஊர்களின் மரணம் அம்மரணத்தின் நிழலில் மறைந்துவிடலாகாது.

5. குவாமான் போமா: தாமே எழுதியவர்

மூன்றாவது நூலின் வரலாறே ஒரு பாடம். ஏறத்தாழ 1,190 பக்கங்களும் ஏறத்தாழ 400 சித்திரங்களும் கொண்ட இக்கையெழுத்துப்படி மன்னர் மூன்றாம் பிலிப்புக்காக எழுதப்பட்டது. அது எவ்வழியாகவோ டென்மார்க்கு சென்றடைந்தது. தரங்கம்பாடியின் வரலாற்றால் நமக்கு அறிமுகமான கோபன்ஹேகன் நகரின் அரச நூலகத்தில், 1908-இல் ரிச்சர்ட் பீட்ச்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதைக் கண்டறிந்தார். 1936-இல் பாரிசில் அதன் நிழற்படப் பதிப்பு வெளிவந்தது. மன்னருக்கு எழுதிய விண்ணப்பம் முந்நூறு ஆண்டுகள் உலகறியாது கிடந்தது.

குவாமான் போமா ஸ்பானிய மொழியில் எழுதுகிறார். இடையிடையே கெச்சுவா மொழி தலைகாட்டுகிறது. அவர் கிறிஸ்தவர், நற்செய்தியை மறுக்கவில்லை. நற்செய்தியைக் கொண்டே வெற்றியாளரின் உரிமையை மறுக்கிறார். ஆந்தியர் நோவாவின் வழிவந்தவர்; அப்போஸ்தலராகிய பர்த்தலமேயு முன்னமே அந்நாட்டுக்கு வந்திருந்தார்; ஆகவே ஸ்பானியர் வந்துதான் கடவுளைக் கொணர வேண்டும் என்பதில்லை என்பது அவர் வாதம். ஆராய்ச்சி நோக்கில் இது வரலாறன்று. ஆயினும் இறையியல் வாதமாக இதன் ஆற்றல் பெரிது. கடவுள் கப்பலில் வந்தவர் அல்லர் என்பதே அதன் உட்பொருள். எல்லா நிலமும் கடவுளுடையது. அவர் காஸ்தில் நாட்டை ஸ்பானியருக்கும், இந்நாட்டை இந்தியருக்கும், கினியாவை ஆப்பிரிக்கருக்கும் கொடுத்தார் என்று அவர் தொடர்கிறார்.

1532 நவம்பர் 16-ஆம் நாள் கஹமார்க்காவில் இன்கா அரசன் அத்தஹுவால்ப்பாவிடம் வின்சென்தே தெ வல்வெர்தே என்னும் துறவி ஒரு நூலைக் காட்டிய நிகழ்ச்சியைப் பல ஆசிரியர் எழுதியுள்ளனர். ஸ்பானியர் எழுதியவற்றில் நூல் தரையில் எறியப்பட்டதே குற்றம். அதுவே தாக்குதலுக்குச் சாக்கு. குவாமான் போமாவின் வருணனையிலோ, அந்நூல் என்னோடு பேசட்டும் எனக் கேட்டு வாங்கிய அரசன், அது ஏன் என்னோடு பேசவில்லை என வினவுகிறான். இகழ்ச்சியாகத் தோன்றிய செயல் இங்கே நியாயமான கேள்வியாகிறது. எவன் மொழியிலும் பேசாமல், படை பின்னிற்க நீட்டப்பட்ட வேதம், அவனுக்கு வாயற்ற பொருளே.

அவருடைய சித்திரங்களுள் ஒன்று லாஸ் காசாஸின் உவமையோடு ஒப்பிடத்தக்கது. ஏழை இந்தியர் ஒருவர் முழந்தாளிட்டிருக்கிறார். ஆறு விலங்குகள் அவரைச் சூழ்கின்றன. மாவட்ட அதிகாரி பாம்பு, வழிச்சத்திரத்து ஸ்பானியர் புலி, என்கோமியெந்தா உடையவர் சிங்கம், மறைபோதகக் குரு நரி, எழுத்தர் பூனை, இந்தியரின் சொந்தத் தலைவர் எலி. லாஸ் காசாஸின் உவமையில் இந்தியர் செம்மறி. இங்கே அவர் ஒருவரே மனிதர், சூழ நிற்போரே விலங்குகள். லாஸ் காசாஸின் நூலில் குருவானவர் வழக்குரைஞராக நிற்கிறார். இங்கே அவரும் சூழ்ந்து நிற்கும் விலங்குகளுள் ஒன்று. மேலும், தம் இனத்துத் தலைவர்களையும் எலியாகக் காட்ட குவாமான் போமா தயங்கவில்லை. வெளியார் இரக்கத்தால் மறைக்கும் உட்குற்றத்தை உள்ளிருப்பவரே சொல்ல வல்லவர்.

இதனால் குவாமான் போமாவை மாசற்ற குரலாகக் கொள்ள வேண்டியதில்லை. தொல்சமய எழுச்சியொன்றை அடக்கிய திருச்சபை விசாரணையாளருக்கு இளமையில் அவர் துணைசெய்தார். அதைப் பிற்காலத்திலும் பாராட்டுகிறார். கலப்பினத்தாரைப் பற்றி அவர் எழுதியவை கடுமையானவை. உயர்குடிப் பிறப்பின் பெருமையும் அவர் எழுத்தில் மிகுதி. ஆனால் இக்குறைகளே அவரைச் செம்மறி நிலையிலிருந்து மீட்டு, நம்மைப் போன்ற பாவியும் சாட்சியுமான மனிதராக நிறுத்துகின்றன. மாசற்றவராயிருந்தால் மட்டுமே நீதி பெறத் தகுந்தவர் என்பது நற்செய்தியின் விதியன்று.

6. முடிவுரை

இவ்வளவும் சொல்லியபின் ஒரு தடை எழலாம். கொல்லப்பட்டோர் பேச இயலாதே. அவர்களுக்காக எவரேனும் பேசியே ஆக வேண்டுமன்றோ? மொந்தேசினோஸும் லாஸ் காசாஸும் வாய்மூடியிருந்தால் நேர்ந்த அழிவு இன்னும் பெரிதாயிராதோ? இத்தடை நியாயமானதே. பரிந்து பேசுதல் பாவம் என்று இக்கட்டுரை கூறவில்லை. மொந்தேசினோஸ் இந்தியரின் குணத்தை வருணிக்கவில்லை. குற்றம் செய்தோரிடம் அவர்கள் குற்றத்தைப் பேசினார். அது பிரசங்கியாரின் கடமை. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் துன்புறுவோர் யார், அவர்கள் வேண்டுவது யாது என்று சொல்லப் புகும்போது அவர்களுடைய அதிகாரப் பத்திரம் வேண்டும். பர்திமேயுவின் குறை வெளிப்படையாயிருந்தும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் அவனையே கேட்டார். சீரோபேனிக்கியப் பெண் எதிர்மொழி கூறினாள். அச்சொல்லின் பொருட்டே அவள் கேட்டது கிடைத்தது என்று மாற்கு 7-ஆம் அதிகாரம் சாட்சியிடுகிறது.

பதில் பேசும் மரபு அந்நாடுகளில் ஓய்ந்துவிடவில்லை. 1985-இல் போப் இரண்டாம் ஜான் பால் பெருவுக்குச் சென்றபோது ஆந்திய இயக்கங்களின் தலைவர்கள் வெளிப்படையான கடிதமொன்றை எழுதினர். ஐந்து நூற்றாண்டுகளாக வேதாகமம் தங்களுக்கு அன்பையோ சமாதானத்தையோ நீதியையோ தரவில்லை; எனவே அதைத் திரும்ப எடுத்துச் சென்று, அதன் போதனை அதிகம் தேவைப்படும் ஒடுக்குவோருக்கே கொடுங்கள் என்பது அதன் சாரம். ஹத்துவேயின் மறுமொழியும் அத்தஹுவால்ப்பாவின் கேள்வியும் அக்கடிதத்தில் மீண்டும் ஒலிக்கின்றன. ‘கண்டுபிடிப்புக் கோட்பாடு’ எனப்படும் உரிமைக் கொள்கையை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் செயற்குழு 2012-இலும், வத்திக்கான் 2023 மார்ச்சிலும் மறுத்தன.

இயேசு சபையார் பணியாற்றிய அதே கனடா நாட்டில், நம் தென்னிந்தியத் திருச்சபையைப் போன்றே சபைகளின் ஒன்றிப்பால் 1925-இல் உருவான ஐக்கிய திருச்சபை, 1986-இல் சட்பரி நகரில் தொல்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அத்திருச்சபையின் தொல்குடி உறுப்பினர்கள் 1988-இல் அளித்த பதிலில், மன்னிப்புக் கேட்டதைப் பெற்றுக்கொண்டதாகக் கூறினர்; ஆனால் ஏற்றுக்கொண்டதாகக் கூறவில்லை. நினைவுக்காக எழுப்பப்பட்ட கற்குவியலும் வேண்டுமென்றே நிறைவு பெறாமல் விடப்பட்டது. மனந்திரும்புதலுக்குப் பதில் உடனே பாவமன்னிப்பாகவே இருக்க வேண்டும் என எதிர்பார்க்கும் திருப்பணியாளருக்கு இது கடினமான போதனை. ஆயினும் அத்திருச்சபை அப்பதிலைத் தன் ஏடுகளிலிருந்து நீக்கிவிடவில்லை.

நம் இறையியல் கல்லூரிகளில் ஒடுக்கப்பட்டோர் பற்றிய ஆய்வேடுகள் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. நம் சபைகளில் அவர்களுக்கான ஞாயிறுகள் அனுசரிக்கப்படுகின்றன. அவ்வேடுகளையும் அருளுரைகளையும் மதிப்பிடும்போது மூன்று வினாக்களைக் கேட்பது பயன் தரும். இவர்களுக்காகப் பேச நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? நம்மை மறுத்து அவர்கள் கூறியது நம் எழுத்தில் இடம்பெற்றுள்ளதா? அவர்களே எழுதியது எந்த நூலகத்தில், எவராலும் வாசிக்கப்படாமல் கிடக்கிறது? இவற்றுக்கு விடை தேடாத இரக்கம், எத்துணை உருக்கமாயினும், மற்றொரு பேரரசின் கைக்கருவியாக மாறக்கூடும் என்பதை 1656-ஆம் ஆண்டின் ‘இந்தியரின் கண்ணீர்’ நமக்கு நினைவூட்டுகிறது.